சம்பந்திக் குட்டி

ராஜபாளையம்
20.8.2024

அன்புள்ள தங்கச்சி சீனியம்மாளுக்கு,

அண்ணன் சுயம்புலிங்கம் தன் கையாலேயே எழுதுவது. வலது முழங்காலைத் தவிர நான் முழுக்கச் சௌக்கியம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? இந்த மூன்று வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும்.

ரேஷன் கடை மிஷினில் என் விரல் விழவில்லை. நாற்பது வருடம் பேண்டேஜ் துணித் தறியில் நூலைத் தடவித் தடவி ரேகை தேய்ந்துவிட்டதாம். "பெருசு, மிஷின் உங்களை ஆளே இல்லைங்குது" என்றான் கடைக்காரன். அந்த ரோசத்தில்தான் பள்ளிக்கூடத்து மாலை வகுப்பில் சேர்ந்தேன். யோகேஸ்வரி டீச்சருக்கு என் வயதில் பாதிகூட இல்லை. "ஐயா, இந்த 'ழ'வுக்குக் கால் எங்க?" என்று அதட்டுகிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஊர் முழுக்க எழுத்தாக இருக்கிறது தங்கச்சி. எழுபத்திரண்டு வருடம் இவ்வளவும் எங்கே ஒளிந்திருந்ததோ. கோயில் டியூப்லைட்டில் "உபயம்" என்று போட்டு, கொடுத்தவர் பெயர், கடைப் பெயர், போன் நம்பர், மூன்று பேரன்கள் பெயர் அத்தனையும் எழுதியிருக்கிறது. வெளிச்சம் வரத்தான் இடம் இல்லை. காற்றாடியின் மூன்று றெக்கையிலும் ஒரே ஆளின் பெயர். சுற்றினால் தெரியாது, நின்றால்தான் தெரியும். கரண்டு போகட்டும் என்று அவர் வேண்டிக்கொள்வாரோ என்னவோ.

மனுசர் எதற்காகக் கொடுக்கிறார்கள்? நீ எட்டாவது படித்தவள், சொல்லு. அடுத்த மாதம் கண் பரிசோதனைக்கு உன் ஊருக்கு வருகிறேன். உன் கையால் ஒரு வாய் சோறு சாப்பிட வேண்டும்.

உன் அண்ணன்,
சுயம்புலிங்கம்
(இதை மட்டும் பார்க்காமல் எழுதுவேன்)


ஸ்ரீவில்லிபுத்தூர்
29.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் கடிதத்தைத் தபால்காரரே எனக்கு முன்னால் படித்துவிட்டார். பன்னிரண்டு கிலோமீட்டர் வர மூன்று நாள் ஆகியிருக்கிறது. நீ நொண்டிக்கொண்டே நடந்து வந்திருந்தால் சாயங்காலம் சேர்ந்திருப்பாய். ஆனாலும் உன் எழுத்தைப் பார்த்து அழுதேன். நீ ஒன்பது வயதில் டீக்கடைக்குப் போனதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

ஏன் கொடுக்கிறார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? உண்டியலில் ஐந்து ரூபாய் போடுகிறேன். போட்டால் அன்றைக்கு மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது. அவ்வளவுதான்.

செப்டம்பரில் வராதே. வீட்டில் இருக்க மாட்டேன், வேலை இருக்கிறது. அக்டோபரில் வா, குழம்பு வைத்துத் தருகிறேன். முழங்காலுக்குச் சூடு வை.

சீனியம்மாள்


ராஜபாளையம்
21.9.2024

தங்கச்சிக்கு,

நலம். உன் நலத்தை உன் வீட்டுப் பூட்டிடம்தான் கேட்டேன்.

கண் முகாம் பதினெட்டாம் தேதியே வைத்துவிட்டார்கள். உன் வீடு பூட்டிக் கிடந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் தெருப் பலகைகளைப் படித்துக்கொண்டே மடவார்வளாகம் பக்கம் நடந்தேன். அங்கே ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது அல்லவா? வாசலில் கரும்பலகை. "இன்றைய மதிய உணவு" என்று மேலே. அதன் கீழே பெரிய எழுத்தில் என் பெயர்.

எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். சு, யம், பு. நான் எழுதாமல், என் பெயர் ஓர் ஊர்ப் பலகையில் இருக்கிறது. நான்கு தரம் படித்தேன். அடுத்த வரிக்குப் போக அவசரமே வரவில்லை. சிரித்துக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன், "சாப்பாட்டுக்கு நேரம் இருக்கு தாத்தா, உள்ள வந்து உக்காருங்க" என்றார்.

பிறகுதான் அடுத்த வரி. "தறித் தொழிலாளி, ராஜபாளையம். 18ஆம் ஆண்டு நினைவு நாள்."

உள்ளே சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தது. நான் உட்காரவில்லை.

எங்கள் ஊரில் இன்னொரு சுயம்புலிங்கம் தறி ஓட்டினானா? எனக்குத் தெரிந்து இல்லை. உனக்குத் தெரியுமா?

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
24.10.2024

அண்ணனுக்கு,

நலம். மழையில் கூரை ஒழுகியது. அதனால் பதில் தாமதம்.

அந்தப் பெயரில் நூறு பேர் இருப்பார்கள். பலகையை அன்றைக்குச் சாயங்காலமே அழித்திருப்பார்கள். நீயும் மனசில் இருந்து அழித்துவிடு. தீபாவளிக்கு முறுக்கு அனுப்பியிருக்கிறேன், பல்லைப் பார்த்துக் கடி.

சீனியம்மாள்


ராஜபாளையம்
11.11.2024

சீனி,

முறுக்கு வந்தது. நான் நன்றாக இல்லை. நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார், இருந்தாலும்.

உன்னிடம் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு. நீயும் சொல்லாமல் விட்டாய். செப்டம்பர் பதினெட்டு.

தகரப் பெட்டிக்கு அடியில் மூன்று போஸ்டர் மிச்சம் இருந்தது. ஐம்பது அடித்தேன், நாற்பத்தேழு ஒட்டினேன். பழைய பஸ் ஸ்டாண்டில் இருந்து தறிக்கூடம் வரை பசை வாளியை நானே தூக்கிக்கொண்டு போனேன். என் மகள் மாரிச்செல்வி ஞானதுரையோடு போன நான்காம் நாள். உன் மதினி உயிரோடு இருந்திருந்தால் வாளியைப் பிடுங்கி என் தலையில் கவிழ்த்திருப்பாள். அவள் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள்.

அச்சகத்தில் என்ன எழுதினார்கள் என்று எனக்கு அன்று தெரியாது. படத்தில் மாலை இருந்தது, அது போதும் என்றேன். பதினெட்டு வருடம் கழித்து நேற்றுத்தான் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு காலை முழுதும் ஆனது.

"கண்ணீர் அஞ்சலி. மாரிச்செல்வி. தோற்றம் 3.5.1985. மறைவு 18.9.2006. ஆழ்ந்த துயருடன், தந்தை சுயம்புலிங்கம்."

ஆழ்ந்த துயருடன் என்று நான் சொல்லவில்லை. அச்சகத்தான் தானாகச் சேர்த்தது. ஆனால் பெயர் என்னுடையது.

பலகையில் எழுதியது செல்விதானா? என்னை அவள் கொன்றுவிட்டாளா?

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தையும் பிறந்துவிட்டது. உன்னிடம் இனி மறைக்க முடியவில்லை. உட்கார்ந்து படி.

செல்வி ஆலங்குளத்தில் இருக்கிறாள். ஞானதுரைக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. ஒரு மகள், பத்தாவது போகப்போகிறாள். கலியாணத்தில் நம் பக்கம் நான் ஒருத்திதான் நின்றேன். தகப்பன் எங்கே என்று மாமியார் தங்கபாய் கேட்டபோது, "செத்துட்டாங்க" என்றாள் செல்வி. வேறு என்ன சொல்வாள்? உயிரோடு இருக்கிற என்னைச் செத்தவள் என்று அப்பா சுவரில் ஒட்டினார் என்று புகுந்த வீட்டில் சொல்வாளா? எப்போது என்று அந்த அம்மா கேட்டார். அவள் வாயில் வந்தது அந்தத் தேதிதான்.

பலகைக்குப் பணம் கொடுப்பது செல்வி இல்லை. தங்கபாய்.

அந்த அம்மாவுக்கு இருப்பது நாலு ஆடு. ஒவ்வொரு வருடமும் பிறக்கிற முதல் கிடாக்குட்டியை உனக்கென்று விடுகிறார். "சம்பந்திக் குட்டி" என்றுதான் வீட்டில் அதற்குப் பெயர். "ஏட்டி, சம்பந்தி வேலியைத் தாண்டிட்டாருடி, பிடி" என்று பேத்தியைப் பார்த்துக் கத்துவார். அதை வளர்த்து, விற்று, அந்தக் காசில் நாற்பது கிழடுகளுக்குச் சோறு போடுகிறார். ராஜபாளையத்தில் போட்டால் பிள்ளைக்கு அழுகை வரும், அவர் தங்கச்சி ஊரில் போடுவோம் என்று இங்கே வைத்தார். செத்தவனின் தங்கச்சியாக நான் வருடா வருடம் முன்னால் நிற்கிறேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லும். சாயங்காலம் உனக்குப் போன் போட்டு, என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன்.

நீ வாசலில் நின்றதை நானும் பார்த்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை. செல்வியும் பார்த்தாள். வெயிலுக்கு நீ குடையைக் கை மாற்றிப் பிடிக்கிற விதத்தை வைத்தே கண்டுகொண்டாள்.

நீ வந்து நின்றால் இந்தப் பிள்ளை பத்தொன்பது வருடம் பொய் சொன்னது வெளியே வரும். அவள் அந்த வீட்டில் சொன்ன ஒரே பொய். என்னை மன்னித்துவிடு.

சீனியம்மாள்


ராஜபாளையம்
12.2.2025

தங்கச்சிக்கு,

மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். நான்காம் நாள் அந்த ஆட்டை நினைத்துச் சிரித்துவிட்டேன். நான் செய்யாத நல்லது எதற்கும் எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

ஆனால் தூக்கம் இல்லை. தெருவில் யாராவது "வாங்க" என்று சொன்னால் என்னைத்தானா என்று பார்க்கிறேன். நான் டீ குடித்துக்கொண்டிருந்த பதினெட்டு மத்தியானங்களில், என்னைப் பார்த்திராத ஒருத்தி எனக்காகச் சோறு பரிமாறியிருக்கிறாள்.

எனக்குச் செல்வியைப் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். இதோடு தனித் தாள் ஒன்று வைத்திருக்கிறேன், ஏழு நாள் எழுதியது. நீ படிக்காதே. அவளிடம் கொடு.

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.4.2025

அண்ணனுக்கு,

நலம். வெயில் தாங்கவில்லை.

தாளைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டாள். உங்கள் அப்பாதான், இப்போது படிக்கக் கற்றுக்கொண்டார் என்றேன்.  பிறகு,

"அப்ப அதையும் படிச்சிருப்பாவுகளா அத்தை?" என்றாள்.

போஸ்டரையும் படித்தார் என்றேன். ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. காத்திரு.

சீனியம்மாள்


ஆலங்குளம்
27.8.2025

வணக்கம்.

எல்லோரும் நலம். இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு மாதம் போய்விட்டது.

செப்டம்பர் 18 வியாழக்கிழமை. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. நீங்கள் வரலாம். அப்பாவோடு தறியில் வேலை பார்த்தவர் என்று சொல்லி வர வேண்டும். அப்படி வர முடியாதென்றால் வர வேண்டாம்.

போன வருடம் மாமிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்கு அந்தக் குட்டியை விற்கலாம் என்றோம். "அது சம்பந்தியாருடையது, எடுக்கக் கூடாது" என்று மறுத்துவிட்டார். என் கம்மலை அடகு வைத்தோம். அவர் கொடுத்ததைப் பொய்க்குக் கொடுத்தது என்று ஆக்க என்னால் முடியாது. உங்களுக்காகவும் முடியாது.

தாளைப் படித்தேன். பத்திரமாக இருக்கிறது.

மாரிச்செல்வி


ராஜபாளையம்
20.9.2025

அன்புள்ள சீனிக்கு,

காய்ச்சல் விட்டதா? நீ படுத்துவிட்டதால் தனியாகத்தான் போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கை வலிக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பலகையில் பத்தொன்பதாம் ஆண்டு என்று இருந்தது. இந்தத் தடவை நான் ஒரே தரம்தான் படித்தேன்.

தங்கபாய் அம்மா ஒல்லி. முழங்கால் என்னுடையதைவிட மோசம். தறியில் கூட வேலை பார்த்தவன் என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் சம்பந்தி பக்கத்து ஆம்பளை ஒருவர்கூட வரவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டதாம். நாற்காலி போட்டார். நான் தரையில் பந்தியிலேயே உட்கார்ந்தேன். எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும் என்று தெரிந்தும்.

சோறு போடும் முன் அந்த அம்மா கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். இந்தப் பிள்ளையைப் பெற்று, வளர்த்து, நல்லது சொல்லிக்கொடுத்த தகப்பனுக்காக ஸ்தோத்திரம் என்றார். பந்தியில் திருநீறு பூசியிருந்த கிழவர்களும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். 

பிறகு என் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார். 

"போறப்ப ரொம்பக் கஷ்டப்பட்டாரா அண்ணாச்சி?"

"இல்லம்மா. செத்ததே அவனுக்குத் தெரியாது."

"அது நல்ல சாவு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செல்வி சோற்று வாளியோடு வரிசையில் வந்தாள். முன்தலை நரைத்திருக்கிறது, உன் மதினிக்கு நரைத்த அதே இடத்தில். யாரையும் பார்க்காமல் போட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு முன்னால் வந்தபோது நான் போதும் என்று இலையைக் கையால் மறைத்தேன். அவள் நகரவில்லை.

"கையை எடுங்க" என்றாள்.

எடுத்தேன். போட்டாள். அடுத்த இலைக்குப் போய்விட்டாள். பத்தொன்பது வருடத்துக்கும் சேர்த்து அவள் என்னிடம் பேசியது இவ்வளவுதான். நான் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

தண்ணீர் ஊற்றியது பேத்தி. உன் மூக்கு.

அண்ணன்


ஆலங்குளம்
16.10.2025

அன்பான அண்ணாச்சிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். விலாசம் மருமகளிடம் கேட்டேன். சீனியம்மாளிடம் வாங்கினேன் என்று கதவு எண்ணும் தெருவும் மட்டும் கொடுத்தாள்.

எதற்கு இப்படி வருடா வருடம் செலவு செய்கிறாய் என்று சபையில்கூடக் கேட்கிறார்கள். உங்களிடம் சொல்கிறேன். செல்வி வந்த புதிதில், தகப்பன் இல்லாத பிள்ளை, சீர் ஒன்றும் வரவில்லை என்று தெருவில் பேசினார்கள். அவள் தகப்பனுக்கு ஒரு மரியாதை செய்து காட்டினால் வாயை மூடுவார்கள் என்று முதல் வருடம் போட்டேன். அடுத்த வருடம் நிறுத்தினால் அந்த மனுசன் என்ன நினைப்பார் என்று போட்டேன். பிறகு அவர் எனக்குப் பழகிப்போனார். என் புருசனிடம் சொல்லாததைக்கூடச் சில நாள் அந்தக் குட்டியிடம் சொல்லியிருக்கிறேன்.

பேத்தி தாத்தாவைப் பற்றிக் கேட்கிறாள். செல்வி வாயைத் திறப்பதில்லை. அவர் எப்படிப்பட்டவர்? நீங்கள் எழுதுங்கள். அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

பேத்தி இன்னொன்றும் சொல்கிறாள். நீங்கள் ரசத்துக்குச் சோற்றில் குழி பறிப்பது அவள் அம்மா செய்வது மாதிரியே இருக்கிறதாம். ஒரே ஊர்க்காரர்களுக்கு அப்படி வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். எழுதவும்.

தங்கபாய்


ராஜபாளையம்
9.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீங்களும் பிள்ளைகளும் ஆடுகளும் நலமாக இருக்க வேண்டும். என் எழுத்து கோணலாக இருக்கும். நான் எழுதப் பழகி ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

சுயம்புலிங்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு அவனை நன்றாகத் தெரியும். நல்ல வேலைக்காரன். இழை அறுந்தால் சத்தத்தை வைத்தே சொல்லுவான். கோபக்காரன் என்று ஊரில் பெயர். அது கோபம் இல்லை அம்மா, பயம். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்தவன். பயந்தவன் சத்தம் போட்டால் கோபம் மாதிரித்தான் கேட்கும்.

மகள் என்றால் உயிர். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பேண்டேஜ் துணி வெட்டு மிச்சத்தில் பொம்மைக்குச் சேலை கட்டிக் கொடுப்பான். அப்படிப்பட்டவன் அவளுக்கு ஒரு பெரிய கெடுதல் செய்தான். என்ன என்று நான் எழுத மாட்டேன். அது அவளுடையது. அவளாகச் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் கேட்காதீர்கள். அவள் உங்களிடம் எதையாவது மறைத்திருந்தால் அது அவன் செய்ததால் வந்தது. அவள் பேரில் குற்றம் இல்லை.

நல்லது சொல்லிக்கொடுத்த தகப்பன் என்று ஜெபம் பண்ணினீர்கள். அவன் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் அதை உங்கள் வீட்டில் கற்றுக்கொண்டிருப்பாள்.

அவன் வருத்தப்பட்டானா என்று பேத்தி கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள். தாமதமாக. மிகவும்.

குட்டி விடுவதை நிறுத்துங்கள் என்று எழுத நினைத்தேன். அழித்துவிட்டேன். அவனுக்கு அதற்குத் தகுதி இல்லை, ஆனாலும் அது அவனுக்குத் தேவையாக இருக்கிறது. அடுத்த வருடப் பாயசத்துக்கு மட்டும் நான் தருகிறேன், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் குட்டியை விற்று வைத்தியம் பாருங்கள். அவன் ஒன்றும் நினைக்க மாட்டான். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

என் பெயரையும் கேட்டிருக்கிறீர்கள். தாள் முடிந்துவிட்டது.